ஐந்தாவது படத்துக்கு ஓர் ஆணி

செப்டம்பர் 28, ஞாயிறு

என் பெரிய மகளின் மகன் சபரீஷ் ஓசூரில் என்ஜினியர். அவனுக்குக் கீழே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். சொந்த வீடு வாங்கிவிட்டான். அவன் தங்கை மைதிலி பல் டாக்டர். கோயமுத்தூரில் அவள் பெயர் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். நானே போய் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு வந்தேன். சின்ன மகளின் மகன் கவின் ஜெர்மனியில் மேல்படிப்பு படிக்கிறான். பனியில் நின்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறான், மூக்கு மட்டும் தக்காளி மாதிரிச் சிவந்திருக்கிறது. அவன் தங்கை யாழினி பன்னிரண்டாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதல். மேடையில் கேடயம் வாங்கினாள்.

நாலு பேர் படமும் தபாலில் வந்தன. சட்டம் போட்டு நடு வீட்டுச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். பார்க்காவிட்டால் நான் காட்டுவேன். ஐந்தாவதாக ஓர் ஆணி இருக்கிறது. அதில் காலண்டர் தொங்குகிறது.

மகனின் மகள் ரஞ்சனி என்னோடு இருக்கிறாள்.

இந்த நோட்டு யாழினி கொடுத்தது. "தினமும் நாலு வரி எழுதுங்க அமுச்சி, எழுத்து மறக்காம இருக்கும்" என்றாள். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆனாலும் பாவாத்தாள் என்று என் பெயரை யார் துணையும் இல்லாமல் எழுதுவேன். கடவுளுக்கு நன்றி.

செப்டம்பர் 30, செவ்வாய்

காலையில் எங்கள் கார் கத்தி ஊரையே எழுப்பிவிட்டது. சாவியைத் திருப்பினதும் கீ... என்று ஒரு சத்தம். காதுக்குள் ஊசி போகிறது. பக்கத்து வீட்டு மயில்சாமி வேப்பங்குச்சியோடு வெளியே வந்துவிட்டார்.

"ஏனுங் பாவாத்தாக்கா, உங்க காரு கோழிக்கு முந்திக் கூவுது? கோழிய வித்துப்போடலாமுங்களா?"

"உங்க வீட்ல எந்திரிக்கறதுக்கு ஆளில்லைன்னுதான் இங்கிருந்து கூவுது, போய் மூஞ்சியக் கழுவுங்க" என்றேன்.

காரைப் பற்றி எழுத வேண்டும், இல்லாவிட்டால் படிக்கிறவர்களுக்கு விளங்காது. ரஞ்சனி என் மகன் கந்தவேலின் மகள். அவள் சிறுபிள்ளையாக இருக்கும்போதே அவள் அம்மா போய்விட்டாள். கந்தவேல் மஞ்சள் போர்டு கார் வைத்து இந்த மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் ஓட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷம் முன்பு நெஞ்சுவலியில் அவனும் போனான். வாசலில் நின்ற காரை விற்றுவிடலாம் என்றேன். ரஞ்சனி, காலேஜ் முடித்த கையோடு, "அப்பா வண்டிய நான் ஓட்டறன் ஆத்தா" என்று சாவியை எடுத்துக்கொண்டாள்.

சொந்தக்காரர்கள் கேட்டால் ரஞ்சனி டிராவல்ஸில் வேலை பார்க்கிறாள் என்று சொல்வேன். அது பொய் இல்லை. அவள் ஓட்ட ஆரம்பித்த பிறகு அந்தக் காரில் நான் ஏறியதில்லை. எனக்கு பஸ்தான் பழக்கம்.

அவளுக்கு இருக்கிற ஒரே நிலையான சவாரி கோத்தகிரி லில்லி டீச்சர். டீச்சருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கீழே வந்து ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொள்ள வேண்டும். விடியுமுன் ரஞ்சனி மலை ஏறி அவரைக் கூட்டிவந்து, முடிகிறவரை காத்திருந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவாள். மற்ற சவாரி வரும், போகும். இது இல்லாவிட்டால் வண்டியை வைத்திருக்க முடியாது.

இன்றைக்கு டீச்சரின் மகன் சாமுவேல் கோயமுத்தூரிலிருந்து போன் பண்ணினாராம். "அந்தச் சத்தத்துக்கு அம்மா பயப்படறாங்க, சரி பண்ணுங்க, இல்லன்னா வேற வண்டி பாத்துக்கறோம்" என்றாராம்.

"என்ன சத்தம் கண்ணு அது?" என்று கேட்டேன்.

"பெல்ட்டு ஆத்தா. டென்ஷனர் ஓஞ்சிருச்சாட்ட இருக்குது. தீபாவளி சவாரி முடியட்டும், மாத்திக்கறன்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த முகம் எனக்குத் தாங்கவில்லை.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

காரைக் கழுவினோம். ரஞ்சனி பானட்டைத் திறந்து உள்ளேயும் துடைத்தாள். பிறகு பொரியும் பூவும் வாங்கக் கடைக்குப் போனாள்.

நான் சந்தனம் வைக்கப் போனேன். பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரிகிறது, ஒரே ஒரு கறுப்பு நாடா, எத்தனையோ சக்கரங்களைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகிறது. இதுதான் அந்தக் கத்துகிற பெல்ட்டு. அடப் பாவமே, எண்ணெய் கண்டு எத்தனை நாளாயிற்றோ என்று நினைத்தேன். கிணற்று உருளை கத்தினால் எண்ணெய் வைக்கிறோம். கதவு கத்தினால் வைக்கிறோம். மாட்டு வண்டி அச்சுக்கு வைத்திருக்கிறோம். இதை மட்டும் காயப்போட்டால் கத்தாமல் என்ன செய்யும்?

விளக்கெண்ணெய் சீசாவை எடுத்துவந்தேன். கோழி இறகு ஒன்றைத் தோய்த்து, கை எட்டின இடமெல்லாம், உள்பக்கத்து வரிகளிலும் சக்கரங்களிலும் நன்றாகத் தடவினேன். பிறகு சந்தனம், குங்குமம். ரஞ்சனியிடம் சொல்லவில்லை. சொன்னால் "எதுக்குத் தொட்ட" என்பாள். அம்மன் சரி பண்ணினாள் என்று இருக்கட்டும்.

நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினாள். சத்தமே இல்லை. ரஞ்சனி என்னைப் பார்த்தாள். நான் பொரியை மென்றுகொண்டிருந்தேன்.

அக்டோபர் 2, வியாழன்

விடியக்காலையில் வண்டி பூனை மாதிரிப் போயிற்று. மயில்சாமி எட்டு மணிக்குத்தான் எழுந்தாராம், பால்காரர் சொன்னார். கடவுளுக்கு நன்றி. எண்ணெய்க்கும்.

அக்டோபர் 4, சனி

மழை. ரஞ்சனி சாயங்காலம் பஸ்ஸில் வந்தாள். நனைந்திருந்தாள். வண்டி வரவில்லை.

"பெல்ட்டு கழண்டிருச்சு ஆத்தா. எறக்கத்துல. ஓரங்கட்டீட்டு வந்தன்" என்றாள்.

"டீச்சரு?"

"நல்லாருக்காங்க."

அவ்வளவுதான். நானும் கேட்கவில்லை. சோறு போட்டேன். ரசத்தை ஊற்றி வைத்துக்கொண்டு பிசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "ஒரு கரண்டி குடு ஆத்தா" என்றாள். இரண்டு உள்ளங்கையும் சிவந்து, கட்டைவிரல் அடியில் தோல் உரிந்திருந்தது. என்ன என்று கேட்டேன். ஸ்டீயரிங் கொஞ்சம் இறுகிப்போச்சு என்றாள்.

சாப்பிடும்போதே சாமுவேல் போன் வந்தது. அவர் பேசினது எனக்கும் கேட்டது. கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை. "செவ்வாய்க்கிழமைக்கு வேற வண்டி சொல்லிட்டேன்மா, தப்பா நினைக்காதீங்க" என்றார். "சரிங் சார்" என்றாள் ரஞ்சனி. இரண்டு தடவை சொன்னாள்.

காலண்டரில் தேதி கிழித்தேன். வேறு எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

பிள்ளை முழுசாக வீடு வந்து சேர்ந்தாளே, அதற்கு முதலில் நன்றி எழுதிவிடுகிறேன். நேற்று எழுத மறந்துவிட்டேன்.

மெக்கானிக் முபாரக் பாய் காலையிலேயே ஆள் கூட்டிப்போய், வண்டியைக் கயிறு கட்டிக் கீழே இறக்கிக்கொண்டுவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறக்கிற ஆளில்லை அவர். கந்தவேலின் கூட்டாளி. மத்தியானம் தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுபோனேன்.

பாய் பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கழற்றுவதற்கு முன் அது எந்தெந்தச் சக்கரத்தைச் சுற்றிப் போகிறது என்று ரஞ்சனி போனில் படம் பிடித்துக்கொண்டாளாம். அது பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்ததால், பாய் ஒரு தடவை கையால் சரியாக மாட்டிக் காட்ட, பிறகு எடுத்தாளாம்.

"இதுக்கு ஃபேன் பெல்ட்டுன்னு பேருங்க பாட்டிம்மா. ஆனா ஃபேனுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது, ஃபேன் தனியா கரண்ட்ல சுத்துது. என் மச்சானுக்கு மேனேஜர்னு பேரு இருக்கில்ல, அந்த மாதிரி."

பேட்டரிக்குக் கரண்டு கொடுக்கிற டைனமோ, ஸ்டீயரிங் பம்பு, தண்ணி பம்பு, ஏசி, எல்லாவற்றையும் இந்த ஒரே நாடாதான் சுற்றுகிறதாம். இது நின்றால் எல்லாம் நிற்கும். ஸ்டீயரிங் அம்மிக்கல் மாதிரி ஆகிவிடுமாம்.

பாய் பெல்ட்டை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். மறுபடியும் கொண்டுபோனார்.

"இது என்ன எண்ணெய்? என்ஜின் ஆயில் வாசம் இல்லியே."

ரஞ்சனி வாங்கி முகர்ந்தாள். அப்புறம் என் தலையைப் பார்த்தாள். நான் தலைக்கு வைக்கிற எண்ணெய் எது என்று அவளுக்குத் தெரியாதா?

"எங்கியோ லீக்கு பாய்" என்றாள்.

"எங்கிருந்து லீக்கு? மேல ஒண்ணும் காணமே."

"லீக்குதான் பாய். விடுங்க."

அந்த உள்பக்கத்து வரியில் வெள்ளையாக என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. ரஞ்சனி அதை நகத்தால் நோண்டி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எனக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, என்னவென்று பார்க்கவில்லை.

எண்ணெய் பட்டால் பெல்ட்டு ஒரு நாள் இரண்டு நாள் சத்தம் போடாதாம். பிறகு பிடிப்பே இல்லாமல் வழுக்குமாம். அதன்மேல் மழைத் தண்ணீர் வேறு. ஆனால் பாய் இன்னொன்றும் சொன்னார். டென்ஷனர் என்று ஒரு இரும்புக் கை. உள்ளே சுருள்வில் வைத்திருக்கிறது. நுனியில் ஒரு சக்கரம். பெல்ட்டு தளராமல் எந்நேரமும் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. பாய் அதை ஆட்டினார், ஆடிற்று. சக்கரத்தைக் கையால் சுற்றினார். மாவு மில் மாதிரிக் கடகடவென்றது.

"எண்ணெய் படலைன்னாலும் இது எப்படியும் போயிருக்கும் பாட்டிம்மா. முன்னப்பின்ன."

இதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நல்ல மனுஷன். அவர் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்க வேண்டும்.

"பெல்ட்டு மட்டும் மாத்தி இப்போதைக்கு ஓட்டலாமா, இல்ல ரெண்டுமா?" என்று கேட்டார்.

"ரெண்டும் பாய். ஆள ஏத்தற வண்டி" என்றாள் ரஞ்சனி.

பெல்ட்டு இங்கேயே கிடைக்கும். டென்ஷனர் இந்த மாடலுக்குக் கடையில் இல்லை. தேட வேண்டும். சாயங்காலம் வரை ரஞ்சனி துணியும் சோப்புத் தண்ணீரும் வைத்து ஒவ்வொரு சக்கரமாகக் கழுவினாள். விளக்கெண்ணெய் அவ்வளவு லேசில் போகிறதில்லை. நானும் உட்கார்ந்து துணி பிழிந்து கொடுத்தேன். 

அக்டோபர் 6, திங்கள்

விளக்கெண்ணெய் சீசாவை அட்டாலியில் ஏற்றி வைத்தேன். கீழே இருந்தால் எலி உருட்டிவிடும்.

அக்டோபர் 7, செவ்வாய்

விடியுமுன் விழிப்பு வந்தது. சத்தம் இல்லை. ரஞ்சனியும் விழித்துத்தான் படுத்திருந்தாள். இந்நேரம் யாரோ ஒருவர் டீச்சரைக் கூட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருப்பார்.

காலையில் வீட்டில் இருக்கிற திரைத்துணியெல்லாம் கழற்றித் துவைத்தாள். அடுப்பு மேடையைத் துடைத்தாள். படங்களைத் துடைத்தாள். நாலு படத்தையும் துடைத்துவிட்டு காலண்டரையும் ஒரு தடவை துடைத்தாள்.

"ஆத்தா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"நம்ம வண்டில நீ ஏன் ஏறவே மாட்டீங்கற? அப்பன் ஓட்டறப்ப ஏறுனயல்ல?"

எனக்கு அடுப்பில் வேலை இருந்தது. "பருப்பு அடிப்பிடிக்குது" என்று போய்விட்டேன். பருப்பு இன்னும் போடவே இல்லை.

பத்து மணிக்கு நானாகவே ஓசூருக்குப் போன் போட்டேன். சபரீஷ் ஏதோ கூட்டத்தில் இருந்தானாம், எழுந்து வெளியே வந்து பேசினான். டென்ஷனர் கிடைக்கவில்லை என்று சொன்னேன். வண்டி மாடலும் வருஷமும் கேட்டான். ரஞ்சனியிடம் கொடுத்தேன்.

"மாமா" என்று ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் பேசினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். சபரீஷ் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"எங்க கம்பெனில நாப்பது பேரு இருக்கறம், ஒருத்தனுக்கும் டென்ஷனர் கழட்டத் தெரியாது, டென்ஷன் ஏத்தத்தான் தெரியும்ங்கறாரு."

சாயங்காலமே கடைகடையாக ஏறி வாங்கிவிட்டானாம். பஸ் பார்சலில் போடுகிறான். என் பேரன் தங்கம்.

அக்டோபர் 9, வியாழன்

பார்சலை நானே போய் வாங்கினேன். கையெழுத்துப் போட்டேன். மடியில் வைத்துக்கொண்டு பட்டறைவரை வந்தேன். பிறந்த குழந்தை கனம் இருந்தது.

பாய் பழைய டென்ஷனரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினார். அந்தச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார், சத்தமில்லாமல் சுற்றிற்று. பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழசு கந்தவேல் காலத்தது. தூக்கிப்போட மனம் வராமல் தூக்குப்போசிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பெல்ட்டு மாட்டும்போதுதான் சிரமம். ஒரு ஆள் நீளமான ஸ்பேனரைப் போட்டு அந்த இரும்புக் கையை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்துக்குள் இன்னொரு ஆள் பெல்ட்டைக் கடைசிச் சக்கரத்தில் ஏற்ற வேண்டும். ரஞ்சனி பிடித்தாள். உள்ளங்கை இன்னும் ஆறவில்லை, துணி சுற்றிக்கொண்டு பிடித்தாள். பாய் ஏற்றினார். நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவர் படத்தைப் பார்த்துப் பார்த்து மாட்டுவதற்கு.

"பாட்டிம்மா, படம் மாறிருச்சு. இதுல உங்க முகந்தான் தெரியுது."

பார்த்தால் நிஜமாகவே அந்தப் படத்தில் என்ஜினுக்குப் பின்னால் நான் தூக்குப்போசியோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் போவதற்கு முன்பே எடுத்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன். அப்படியானால் நான் போன பிறகும் ஒன்று எடுத்திருக்கிறாள், என் விரல் பட்டு அது வந்துவிட்டது. முகம் இஞ்சி தின்ற மாதிரி இருக்கிறது. அழித்துவிடு என்றேன். மாட்டேன் என்றாள்.

வண்டியை எடுத்தார்கள். ஏசி போட்டார்கள். நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினார்கள். சத்தம் இல்லை. பாய், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான், "மகமாயி" என்றேன். ரஞ்சனி பானட்டை மூடினாள்.

வண்டி சரியாகிவிட்டது. சவாரிதான் இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

காலையில் வாசலில் கோலம் போட்டேன். புள்ளி வைக்கும்போது அந்தப் படம் நினைவுக்கு வந்தது. சக்கரத்துக்கு ஒரு புள்ளி என்று வைத்து, பெல்ட்டு போகிற வழியில் கோடு இழுத்தேன். சிக்குக் கோலம் மாதிரி நன்றாகவே வந்தது. ரஞ்சனி பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்று பார்த்தாள்.

"ஆத்தா, இதென்ன, நம்ம பெல்ட்டா?" என்று வாயில் நுரையோடு சிரித்தாள். "டென்ஷனர் வெளிப்பக்கமிருந்து அழுத்தணும். நீ உள்பக்கமா போட்டுட்ட. இப்படி ஓட்டுனா முக்குத் திரும்பறதுக்குள்ள கழண்டுரும்."

அழித்துவிட்டு மறுபடி போட்டேன். பிறகு சேலை மாற்றிக்கொண்டு வந்து காரின் முன்பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.

"எங்க ஆத்தா?"

"கோத்தகிரிக்கு. டீச்சரம்மாளப் பாக்கோணும்."

"அவுங்க வேற வண்டி..."

"நான் சவாரி கூப்படறன். நீ வண்டிக்காரி. எடு."

உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்தாள். அப்புறம் குனிந்து பெல்ட்டு எடுத்து எனக்குப் போட்டுவிட்டாள், அந்த பெல்ட்டு இல்லை, மாரில் போடுகிறது. அவள் உள்ளங்கைப் புண் இப்போதுதான் காய ஆரம்பித்திருந்தது. வெளியே வேடிக்கை பார்த்தேன்.

மயில்சாமி வாசலில் நின்றார். "என்னுங்க்கா, இன்னிக்கு மகாராணியாட்ட முன்னால உக்காந்துட்டீங்க?"

"என்ற பேத்தி வண்டி. நான் எங்க வேணா உக்காருவன்" என்றேன். தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

மலை ஏறினோம். பஸ்ஸிலும் கந்தவேல் காரின் பின்சீட்டிலும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ரோட்டை நான் முன்னாலிருந்து பார்த்ததில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்பு ஹாரன் அடிக்கிறாள். எதிரே வருகிற வண்டிக்கு வழி விடுகிறாள். ஒரு லாரிக்காரர் கை காட்டினார், இவளும் காட்டினாள். கந்தவேலும் இப்படித்தான் இரண்டு விரலை மட்டும் தூக்குவான்.

ஒரு வளைவில் அவள் வேகம் குறைந்தது. மலைப் பக்கத்து ஓடையை ஒட்டி ஒரு பெரிய கல் கிடந்தது. "இங்கதானா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். எதிர்ப்பக்கம் பார்த்தேன். மரத்து உச்சிகள்தான் தெரிந்தன.

லில்லி டீச்சர் வாசலில் நாற்காலி போட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த கை. கால் வீங்கியிருந்தது. சாமுவேலும் லீவு போட்டு வந்திருந்தார். நேற்று வந்த வண்டிக்காரர் டீச்சரை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு வேறு சவாரிக்குப் போய்விட்டாராம். முடிந்து வெளியே வந்து டீச்சர் வெகுநேரம் நடையிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா அந்த ஆத்தா? உங்க பேத்தி உங்களப் பத்தித்தான் வழியெல்லாம் பேசுவா. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொன்னாளா?"

"பெல்ட்டு கழண்டுதுன்னாளுங்க."

"அவ்வளவுதானா?" டீச்சர் மகனைப் பார்த்தார். "சாம், நீயும் கேளு. உனக்கு நான் சொல்லச் சொல்ல நீ கேக்கவே இல்ல."

டீச்சர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நல்ல மழை. இறக்கத்தில் திடீரென்று சிவப்பு விளக்கு எரிந்ததாம். ஸ்டீயரிங் திரும்பவில்லை. இவள் சீட்டைவிட்டு எழும்பி, உடம்பு முழுவதும் சாய்த்து, அதை இழுத்துத் திருப்பி, வண்டியை மலைப் பக்கமே ஒட்டி நிறுத்தினாளாம். நிறுத்தும்வரை, "டீச்சர், அந்தப் பாட்டு இன்னொருக்கா பாடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம், டீச்சர் பயந்துவிடக் கூடாது என்று. இறங்கிக் கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு வைத்தாள். மழையில் நடு ரோட்டில் நின்று பஸ்ஸை மறித்தாள். டீச்சரைத் தோளில் சாய்த்து ஏற்றி, முன் சீட்டில் உட்காரவைத்து, தானும் கூடவே ஏறிவிட்டாள். கண்டக்டர், "ஏம்மா, வண்டிய இப்படியே ரோட்டுல விட்டுட்டு வர்ற?" என்று கேட்டாராம்.

"வண்டி நிக்கும், டீச்சருக்கு நேரம் நிக்காதுங்க" என்றாளாம்.

அப்பன் வண்டி அது. ஒரு கீறல் விழுந்தால் அவள் சாப்பிட மாட்டாள். எனக்குத் தெரியும்.

"அன்னிக்கு எனக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு நிமிஷங்கூட லேட்டாகல" என்றார் டீச்சர்.

சாமுவேல் நல்ல பையன். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. "பாட்டி, நான் ரஞ்சனியத் தப்பு சொல்லல. ஒரு தடவ தவறினாலும் அம்மாவுக்கு மூச்சு வாங்கும். வண்டிய நம்பணும்ல? பெல்ட்ல எண்ணெய் எப்படிப் பட்டுச்சு? அதக் கவனிக்கலைன்னா நாளைக்கு இன்னொண்ணு."

நான் எழுந்து நின்றேன். இதற்குத்தான் வந்தேன். "தம்பி, அந்த எண்ணெ வந்துங்க..."

"லீக்கு சார்" என்றாள் ரஞ்சனி.

"நீ கம்முனு இரு புள்ள. தம்பி, அந்த எண்ணெ..."

"லீக்குதான்" என்றார் டீச்சர். "எங்க வீட்லயும் ஒரு லீக்கு இருந்துச்சு. எங்கம்மா. தையல் மிஷின் பெல்ட்டுக்குத் தேங்காயெண்ணெய் தடவுவாங்க. அப்பா தச்சா ஊசி ஓடாது, சக்கரம் மட்டும் ஓடும்." டீச்சர் சிரித்தார். ரஞ்சனி தோட்டத்துப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். தோள் குலுங்கிற்று. இரண்டு பேரும் முன்பே பேசி முடித்திருக்கிறார்கள்.

சாமுவேலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை என்று எழுதிக்கொள்கிறேன்.

பிறகு அவர் பானட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். புது பெல்ட்டைத் தொட்டார். பழைய டென்ஷனர் என் பையிலேயே இருந்தது, எடுத்துக் கையில் கொடுத்தேன். ஆட்டிப் பார்த்தார். "இது வேற போயிருக்கா" என்றார். பானட்டை அவரே மூடினார்.

"நாளைக்கு எப்பவும் போல வந்துடுங்க ரஞ்சனி."

"சரிங் சார்" என்றாள். இந்தத் தடவை ஒரு தரம்தான் சொன்னாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

கிளம்பும்போது டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் காரில் உட்காரவைத்துப் போனில் படம் எடுத்தார். இறங்கி வரும்போது நான் தூங்கிவிட்டேன். அந்த மலையில், அந்த வளைவுகளில், அவள் ஓட்ட நான் தூங்கினேன். இதைவிட எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 11, சனி

வண்டி போயிற்று. சத்தமில்லை. அதனாலேயே எனக்கு விழிப்பு வந்துவிட்டது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளிக்க மணை போட்டேன். ரஞ்சனி வந்து உட்கார்ந்து, நல்லெண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"இதோட வெளக்கெண்ணெயும் சித்த கலக்கு ஆத்தா. சூடு."

"வெளக்கெண்ணெ ஏது? தீந்துபோச்சு."

"அட்டாலில ஏறி எலிக்குப் பயந்துட்டு உக்காந்திருக்குது, எறக்கிக் குடு. தலைக்குத்தான் கேக்கறன், வண்டிக்கில்ல."

சட்டைப் பையிலிருந்து என்னவோ எடுத்து மணைக்குப் பக்கத்தில் வைத்தாள். எண்ணெய்ப் பிசுக்கேறிய கோழி இறகு, பாதிதான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணிலும் தண்ணீர் வந்தது. எண்ணெய்ப் புகைச்சல். இரண்டு கையாலும் அவள் தலையில் வைத்துத் தேய்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "மெதுவா ஆத்தா, ரொம்ப டைட்டு வைக்காத, டென்ஷனர் தாங்காது" என்றாள்.

மத்தியானம் எல்லோரும் போன் பண்ணினார்கள். சபரீஷுக்குச் சம்பள உயர்வு. மைதிலி இன்னொரு கிளை திறக்கிறாள். கவினுக்குப் பனி ஆரம்பித்துவிட்டதாம். யாழினி காலேஜில் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. எல்லாம் என் கண்ணே படக் கூடாது. பெரிய மகள், "ரஞ்சனி எப்படிம்மா இருக்கறா? டிராவல்ஸ் வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டாள்.

"என்ன டிராவல்ஸு? சொந்தக் கார் ஓட்டறா. மலைமேல. டீச்சரம்மா உசுரு அவ கையிலதான் வாரத்துக்கு மூணு நாள் ஏறி எறங்குது" என்றேன்.

மகள் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "அம்மா, நீ ஏறுனயா?" என்றாள். ஏறினேன் என்றேன்.

சாயங்காலம் ஐந்தாவது ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றி அடுக்களையில் மாட்டினேன். பிறகு லில்லி டீச்சருக்கு ஒரு கடுதாசி எழுதினேன். எழுத்து கோணலாக இருந்தாலும் அவர் டீச்சர், படித்துக்கொள்வார். எழுதினது இது.

டீச்சரம்மா, வணக்கம். அன்றைக்கு நீங்கள் எடுத்த படத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன், ரஞ்சனி முகத்தில் என் முந்தானை விழுந்திருக்கிறது. தயவு செய்து புதிதாக ஒன்று எடுங்கள். நான் வேண்டாம். ரஞ்சனியும் காரும் மட்டும். பானட் திறந்திருந்தாலும் நல்லதுதான். பெரிதாகக் காகிதத்தில் போடச் சொல்லுங்கள். அவள் வாரத்துக்கு மூன்று நாள் உங்கள் வீட்டுக்கு வருகிறாள், அவள் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று நினைப்பீர்கள். கொடுக்க வேண்டாம். மற்ற நாலு பேர் படமும் எங்கள் வீட்டுக்குத் தபாலில்தான் வந்தது. இவள் படமும் அப்படித்தான் வர வேண்டும். உறைமேல் பெயர் பெரிதாக எழுதித் தபாலில் போடுங்கள். ஆணி அடித்துத் தயாராக இருக்கிறது.